கேள்வி – பதில்: கடலுக்கடியில் போகும் சேதி

நாங்குநேரி பக்கம் பஸ்ஸில் போனபோது தூரத்தில் ஊசி மாதிரி கோபுரங்கள் தெரிந்தன. செல்போன் டவர் இவ்வளவு உயரம் இருக்காதே?
– ஒரு வாசகர், மதுரை

இருக்காதுதான். அது விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பெயரைக் கேட்டு கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள், கடற்படை தரையில் இருக்கும் தன் நிலையங்களுக்கும் இப்படித்தான் பெயர் வைக்கும். நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்பும் வானொலி நிலையம் அது.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலை அதற்குள் நுழைந்ததுமே தேய்ந்துபோகும். எஃப்.எம். அலையெல்லாம் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அதிர்வெண்ணை, அதாவது அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் குறைத்தால்தான் ஆழம் போக முடியும், அதனால் இங்கே 18.2 கிலோஹெர்ட்ஸ். ஆனால் அதிர்வெண் குறைந்தால் அலை நீண்டுவிடுமே! ஒரு அலையே 16 கிலோமீட்டருக்கு மேல். வழக்கம்போல அதில் கால்வாசி உயரத்துக்கு ஆன்டெனா வைப்பதென்றால் 4 கிலோமீட்டர் கோபுரம் வேண்டும், நடக்கிற காரியமா? எனவே சுமார் 470 மீட்டர் வரை கோபுரங்களை நட்டு, உச்சியிலிருந்து கம்பிகளைப் பந்தல் போட்ட மாதிரி இழுத்துக் கட்டிச் சமாளிக்கிறார்கள். ஈஃபில் கோபுரமே 330 மீட்டர்தான்.

அப்போ நீர்மூழ்கிக்குள் இருப்பவர்கள் வீட்டுக்குப் பேசலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

ஆசைதான்! இந்த அலையில் குரல் ஏறாது, சங்கேத எழுத்துகள் மட்டும், அதுவும் மெதுவாக. போதாததற்கு ஒருவழிப் பாதை வேறு. இத்தனை பெரிய ஆன்டெனாவை எந்த நீர்மூழ்கியும் சுமக்க முடியாது. வேறு அலைவரிசையில் பதில் சொல்லலாம், ஆனால் வாயைத் திறந்தால் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் மேல்மட்டத்துக்குப் பத்து, இருபது மீட்டர் கீழே வந்தோ, இன்னும் ஆழத்தில் இருந்தபடி நீண்ட ஆன்டெனா கம்பியை வால் மாதிரி மேலே மிதக்கவிட்டோ சும்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று போட்டவருக்கு உடனே தெரியாது.

சாட்டிலைட் இருக்கும்போது இது எதற்கு?
– ஒரு வாசகர், சேலம்

சாட்டிலைட்டைப் பிடிக்க ஆன்டெனாவைத் தண்ணீருக்கு வெளியே நீட்ட வேண்டும். ஒளிந்திருப்பதே பிழைப்பாக உள்ளவர் அடிக்கடி தலையை நீட்டுவாரா? தெலங்கானாவின் தாமகுண்டத்தில் இதே மாதிரி இன்னொரு நிலையத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.