பனிக்கு நடுவே ஒரு தீ

அன்புள்ள ஐயா,

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் ப்ரூகலின் 'பனியில் வேட்டைக்காரர்கள்' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஓவியத்தை நெடுநேரம் பார்த்தேன். அழகுதான். ஆனால் குளிர்காலக் கிராமம் என்றால் எல்லோரும் அமைதியை மட்டுமே வரைந்தார்களா? நிலம் பனிக்கடியில் கிடந்தால் விவசாயிக்கு வேலையே கிடையாதா?

கே.

அன்புள்ள கே.,

வேலை அந்த ஓவியத்திலேயே இருக்கிறது. நம் கண் சரிவில் இறங்கி, உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறவர்களிடம் நேராகப் போய்விடுகிறது. இடது ஓரத்தைப் பாருங்கள். விடுதி வாசலில் தீ எரிகிறது. பன்றி மயிர் பொசுக்கத்தான் அந்தத் தீ என்று ஓவியம் அறிந்தவர்கள் சொல்வார்கள். தீவனம் குறையும் காலத்தில் பன்றியை அறுத்து, இறைச்சியை உப்பிட்டோ புகையூட்டியோ வைத்துக்கொள்வது அன்றைய ஐரோப்பியக் கிராமங்களின் வழக்கம். குளிரில் கறி சீக்கிரம் கெடாது. வேட்டைக்காரர்களோ ஒரே ஒரு நரியோடு திரும்புகிறார்கள், நாய்கள் தலை தொங்கி வருகின்றன. அந்த ஊர் குளிர்காலத்தைக் கடக்கப் போவது வேட்டையால் இல்லை, அந்தத் தீயால்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் வலது கீழ்ப்பக்கம். நீராலையின் சக்கரம் பனிக்கட்டி பிடித்து நிற்கிறது. சக்கரம் நின்றால் மாவு இல்லை. பக்கத்துப் பாலத்தில் ஒருத்தி விறகுக்கட்டைச் சுமந்து போகிறாள். 1565-இல் வரைந்த படம் இது. அதற்கு முந்தைய குளிர்காலம் மிகக் கடுமையானது. ப்ரூகலுக்குப் பனி வெறும் வெள்ளை நிறமாக இருந்திருக்க முடியாது.

உங்கள் குறை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் ஹென்றி டரிக்கு ஓரளவு பொருந்தும். பனி மூடிய அவருடைய பண்ணைகள் மிக இதமானவை. அச்சுப்படங்களாக வீடுகளில் தொங்கியதும் அந்த இதத்துக்காகவே. நான் விரும்பிப் பார்ப்பவைதான். ஆனால் அங்கே யாருக்கும் கை விறைப்பதில்லை.

ப்ரூகலுக்கு முந்தைய நூற்றாண்டின் நூலோவியர்களான லிம்பர்க் சகோதரர்களைக் கட்டாயம் பாருங்கள். பிரான்ஸின் பெர்ரி கோமகனுடைய பிரார்த்தனை நூலுக்காக 1416-க்குள் அவர்கள் வரைந்த நாட்காட்டியில் பிப்ரவரி மாதப் பக்கம். பட்டியில் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. தேனீ வளர்க்கும் கூடைகளின் மேல் பனி. வீட்டுக்குள் மூவர் உடையைத் தூக்கிக்கொண்டு குளிர்காய்கிறார்கள். வெளியே ஒருவன் மரம் வெட்டுகிறான். இன்னொருவன் சுமையேற்றிய கழுதையை ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறான். அவன் போகவேண்டிய ஊர் இன்னும் தூரத்தில், பனிக்குள் இருக்கிறது.