வீட்டில் எல்லா அறைக்கும் நெட் சரியாக வர என்ன செய்ய வேண்டும்? நெட்வொர்க் அடிப்படை தெரியாதவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முதலில் ஒன்று: 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், மாற வேண்டாம். பெங்களூரில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு, 200 எம்பிபிஎஸ் ஃபைபர், ஹாலில் நன்றாக வருகிறது, கடைசி அறையில் மீட்டிங் நடுவிலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலில் வருகிறதென்றால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் லைனில் குறை இல்லை. ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில்தான் சிக்கல். மாதாமாதம் எவ்வளவு கூட்டிக் கட்டினாலும் நடுவில் உள்ள சுவர் அப்படியேதான் இருக்கும்.

அல்சூர், முருகேஷ்பாளையா பக்கம் வாடகைக்கு இருக்கும் நம்மாட்கள் பலர் வீட்டில் இதே கதைதான். லைன் போட வருபவர், வயர் எங்கே சுலபமாக உள்ளே நுழைகிறதோ அங்கேயே, பெரும்பாலும் வாசல் கதவுக்கு மேலே, பெட்டியை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தப் பெட்டியை எல்லோரும் மோடம் என்கிறோம். உள்ளே நான்கு வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின் சைகையாக மாற்றுவது ஒன்று. வெளி நெட்டையும் வீட்டு நெட்டையும் இணைக்கும் ரவுட்டர் இரண்டாவது. பின்பக்கத் துளைகளில் கேபிளால் செருகும் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் மூன்றாவது. ஆன்டெனா வழியாக வைஃபை கொடுப்பது நான்காவது. உங்களுக்குத் தகராறு செய்வது இந்த நான்காவது மட்டும்தான்.

முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உங்கள் போன், லேப்டாப், டிவி ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் ஐபி முகவரியை, அதாவது வீட்டு எண் போன்ற ஓர் அடையாள எண்ணை, ரவுட்டரே கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். இந்த முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லும். வெளியே போகும்போது எல்லாமே ரவுட்டரின் ஒரே முகவரியில்தான் போகும். எந்தக் கருவி எதைக் கேட்டது என்று, அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் எழுதி வைப்பதுபோல, ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு பதில் வந்ததும் சரியான கருவிக்கு அனுப்புகிறது. இந்த வேலைக்கு நாட் (NAT) என்று பெயர். பழைய ஐபி முறையில் (IPv4) மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு, உலகத்துக்கு அது போதாது. அதனால் பல நெட் நிறுவனங்கள் ரவுட்டருக்குக்கூடத் தனி முகவரி தராமல், பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் முகவரி (WAN, வெளி நெட் பக்கத்து முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான். சாதாரண உபயோகத்துக்கு ஒன்றும் ஆகாது. வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரடியாகப் பார்க்க நினைத்தால்தான் இடிக்கும். அதற்கு மாதக் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத முகவரி) கேட்க வேண்டும், இல்லையென்றால் கிளவுட் ஆப் வழியாக ஓடும் கேமரா வாங்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் வாங்கும் முன் லேப்டாப்பைக் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். 190 பக்கம் வந்தால் லைன் சுத்தம். 95-லேயே நின்றால் நிறுவனத்துக்குப் போன் போட அவசரப்படாதீர்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பி போதும், 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத அந்த மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகவில்லையென்றாலும் (முனையில் அழுத்திப் பொருந்தவில்லையென்றாலும்) இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், ஆனால் நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மலிவான பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு துளைதான் கிகாபிட் (1 ஜிபிபிஎஸ்), மற்றவை 100. அதையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்புறம், 200 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, டவுன்லோட் காட்டுவது பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். டவுன்லோடில் நொடிக்கு 25 எம்பி காட்டினால் அதுதான் முழு வேகம்.

வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். நம்ம ஊர் அடுக்குமாடியில் உங்கள் போனுக்கு இருபது வீட்டு வைஃபை தெரியும், எல்லாம் இந்த மூன்றில்தான் அடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். உங்கள் கடைசி அறை அதற்கும் அப்பால் இருக்கிறது.

கடையில் ரிப்பீட்டர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், மீட்டிங் பழையபடி நிற்கும். என் கட்சி கேபிள்தான். ஹாலிலிருந்து அந்த அறைக்கு ஒரு கேட்6 கேபிள் (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) இழுத்து, முனையில் இன்னொரு ரவுட்டரை வையுங்கள். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால் கதவுச் சட்டத்தின் மேல்பக்கமாகத் தட்டைக் கேபிளை ஒட்டிக்கொண்டு போகலாம். 100 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்கு 15 மீட்டரே அதிகம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேபிள் வாங்கினால் ஒரு சின்னச் சோதனை. உள்கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. விலை குறைவுதான், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது ரவுட்டருக்குப் பழையதே போதும். அக்சஸ் பாயின்ட் மோட் (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.1.2 என்பதுபோல, முதல் ரவுட்டரோடு மோதாத, அது கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியலிலும் இல்லாத எண்ணாக மாற்றி, கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் வேன் துளையில் செருகினால் வீட்டுக்குள்ளேயே இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். ஹாலில் இருக்கும் போனுக்கு அறையில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால் நடந்து போகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும்.

பாஸ்வேர்டு என்றதும் ஞாபகம் வருகிறது: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அழுத்தியோ பின் எண் போட்டோ வைஃபையில் சேரும் வசதி) அணையுங்கள், வந்துபோகிறவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க்.

பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, மழையில் மரக்கிளை விழுந்து வயர் அறுந்திருக்கும், போன் செய்யுங்கள். அதற்கு முன் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் ஃபைபர் வயர் பீரோவில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூர்மையாக மடங்கினாலே ஒளி கசிந்துவிடும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் (பெரும்பாலும் 12), எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், வோல்ட் அதேயாகவும் ஆம்பியர் அதற்குக் குறையாமலும் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது ரவுட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும். ஃபைபர் வீடு வரை வருகிறதென்றால் தெருவில் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி பொதுவாக இருக்காது, நிறுவனத்தின் பக்கம் கரண்ட் இருந்தால் உங்களுக்கும் நெட் ஓடும். உள்ளூர் கேபிள்காரர் மொட்டைமாடியில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து சாதா கேபிள் இறக்கியிருந்தால் அந்த ஸ்விட்சுக்கு பேக்கப் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டு யுபிஎஸ் வாங்குங்கள்.