டிரம்முக்குள் போகும் சாவியும் கரண்டியும்

பதினைந்து மாதப் பையன் சாவி, ரிமோட், கரண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீர் டிரம்மில் போடுகிறான், அதட்டினால் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். லாரித் தண்ணீர் பிடித்து வைத்தால் போதும், என் மகள் கரண்டியோடு ஆஜர். போட்டுவிட்டு அந்தத் 'தொபக்' சத்தத்தைக் கேட்பாள். தண்ணீரில் வட்டம் அடங்கும்வரை அசைய மாட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். நம் அதட்டலும் ஆட்டத்தில் சேர்த்திதான்!

இது சேட்டை இல்லைங்க, சோதனை. 12 முதல் 18 மாதத்தில் குழந்தைகள் ஒரே செயலை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பார்கள் என்று குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே எழுதியிருக்கிறார். கரண்டிக்கு அடுத்து எலுமிச்சம்பழம் போட்டாள் என் மகள். அது மிதந்ததும் ஏமாற்றிவிட்டதுபோல் என்னை முறைத்தாள்.

ஆனால் டிரம்முக்கு இன்றைக்கே இறுக்கமான மூடி போடுங்கள், பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பாரம் அதிகம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து. விளையாட அகலத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள், முடிந்ததும் கொட்டிவிடுங்கள். ரிமோட்டை மட்டும் பீரோ மேல் வைத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு பறிகொடுத்தோம்.