கொடியை எப்போது அறுக்கலாம்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடித் தொட்டியில் வைத்த வல்லாரை, கொடி ஓடிப் பக்கத்துத் தொட்டியில் இறங்கி வேர்விட்டது. அந்தத் தொட்டிக்கு ஒரு வாரம் தண்ணீரே ஊற்றவில்லை, வாடவில்லை. தனியாக வளரட்டும் என்று கொடியை நறுக்கினேன். மறுநாளே தலை சாய்ந்துவிட்டது. வேர்தான் இருக்கிறதே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேர் இருந்தது, அந்த வேருக்குத் தண்ணீர் இல்லை. அந்த ஒரு வாரமும் பிள்ளைச்செடி குடித்தது தாய்த்தொட்டித் தண்ணீரைத்தான்.

வல்லாரைக் கொடி பார்க்க நூல் கனம்தான். ஆனால் அதற்குள் இரண்டு பாதைகள் ஓடுகின்றன. சைலம் தண்ணீரையும் தாது உப்புகளையும் கொண்டுபோகிறது. அதை இழுப்பது இலை. எந்தச் செடியின் இலையிலிருந்து நீர் அதிகம் ஆவியாகி, அதன் வேருக்குக் குறைவாகக் கிடைக்கிறதோ, அந்தப் பக்கம் இழுப்பு கூடும். ஃபுளோயம் சர்க்கரையைக் கொண்டுபோகிறது. அது மிச்சமாக உற்பத்தியாகும் இலையிலிருந்து, செலவு அதிகமுள்ள குருத்துக்கும் வேருக்கும் போகும். அதனால்தான் நிழலில் ஈரமாக நிற்கும் செடி வெயிலில் காயும் செடிக்குத் தண்ணீர் தர, வெயில் செடி நிழல் செடிக்குச் சர்க்கரை தர முடிகிறது. பொதுவாக ஓட்டம் மூத்த செடியிலிருந்து இளஞ்செடிக்கு. தாய் கடும் வறட்சியிலோ இருட்டிலோ மாட்டிக்கொண்டால் எதிர்த்திசையிலும் போகலாம். எல்லா இனமும் இந்த அளவுக்குப் பங்கிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இனங்களில் இளஞ்செடி திருப்பித் தருவது மிகக் குறைவு.

பிரிக்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். கணு மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு கம்பி ஊசியை வளைத்துக் குத்தி, அரை அங்குல மண் தூவி, ஈரம் காயாமல் 3 முதல் 4 வாரம் விடுங்கள். புது இலை மூன்றாவது விட்டபின் செடியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தால் வேர் தயார். அதன்பிறகும் உடனே அறுக்காதீர்கள். பிள்ளைத்தொட்டிக்கு ஒரு வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி, மாலையில் அறுத்து, மூன்று நாள் நிழலில் வையுங்கள். தாயின் தண்ணீரில் வளர்ந்த செடிக்கு இலை அதிகமாகவும் வேர் குறைவாகவும் இருக்கும். அந்தக் கணக்கு சரியாக அதற்கு அவகாசம் வேண்டும்.

கேள்வி: தார் வெட்டிய அன்றே வாழைமரத்தை அடியோடு சாய்த்துவிடுகிறோம். மறுதாம்புக்கு (பக்கக்கன்றில் வரும் அடுத்த பயிருக்கு) அது நல்லதல்ல என்கிறார்களே?
– வாசகர், திருவையாறு

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். தார் போனாலும் தண்டிலும் கிழங்கிலும் தண்ணீரும் சத்தும் நிறைய மிச்சமிருக்கின்றன. கிழங்கு வழியாக அவை பக்கக்கன்றுக்கு இறங்கும். மேல்பகுதியை வெட்டிவிட்டு, தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்டை விட்டுவையுங்கள். அது வற்றிச் சாய்ந்தபின் அப்புறப்படுத்தலாம். கூன்வண்டுத் தாக்குதல் இருக்கும் தோட்டத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அழுகும் தண்டில் வண்டு பெருகும்.

கன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சங்கதி இருக்கிறது. ஈட்டிக்கன்றின் இலை குறுகலாக வாள்போல இருக்கும், அடி பருத்திருக்கும். தாய்க்கிழங்கோடு அது பலமாக ஒட்டியிருக்கிறது. சாப்பாடு தாயிடமிருந்து வருவதால் அகல இலைக்கு அவசரமில்லை. நீர்க்கன்றின் பிணைப்பு மேலோட்டமானது. தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டியிருப்பதால் சிறுவயதிலேயே அகல இலை விரிக்கிறது, அடி மெலிந்தே நிற்கிறது. பார்க்கச் செழிப்பாகத் தெரிகிறதே என்று பலர் இதைத்தான் எடுத்து நட்டு ஏமாறுகிறார்கள். 1.5 முதல் 2 கிலோ எடையுள்ள ஈட்டிக்கன்றை எடுங்கள்.

வேண்டாத கன்றைத் தரைமட்டத்தில் அரிந்தால் தாய் ஊட்ட ஊட்ட மறுபடி கிளம்பும். நடுக்குருத்தைக் கடப்பாரையால் குடைந்து எடுத்தால்தான் நிற்கும். தாய் பூ விட்டபின் ஒரே ஒரு கன்றை விடுங்கள்.

கேள்வி: ஒரு வாழைக்கன்றில் மட்டும் முடிக்கொத்து நோய் தெரிகிறது. அதைப் பிடுங்கினால் போதாதா?
– வாசகர், தேனி

பதில்: போதாது. சர்க்கரை போகும் ஃபுளோயம் வழியேதான் இந்த வைரஸும் போகிறது. பக்கத்துக் கன்று பச்சையாக நிற்பதைப் பார்த்து நம்பாதீர்கள். அறிகுறி பிந்தி வரும். கிழங்கோடு முழுத் தூரையும் எடுத்தாக வேண்டும். ஆனால் முதலில் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடித்து, அது செத்தபின் தோண்டுங்கள். முதலிலேயே தோண்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

கேள்வி: கோரையை ஒழிக்க ரோட்டவேட்டர் ஓட்டினேன். முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கும். சங்கிலி அறாதவரை நுனிக்கிழங்கு முளைக்கும், பின்னால் உள்ளவற்றில் பல உறங்கும். நீங்கள் வெட்டியதும் ஒவ்வொன்றும் தனிச்செடியாகிவிட்டது. கோடை உழவில் கிழங்கை மேலே புரட்டிப்போட்டு, நல்ல வெயிலில் இரண்டு வாரம் காயவிட்டால் பலன் உண்டு. ஈரமண்ணில் ஓட்டினால் நடவு செய்தமாதிரிதான்.

முளைத்தபின் மூன்று வாரத்துக்குள் திரும்பத்திரும்ப எடுங்கள், புதுக்கிழங்கு கட்ட விடாதீர்கள். பாதி இடத்தில் மட்டும் மூடாக்குப் போடுவது வீண். வெளியே வெயிலில் நிற்கும் இலை உள்ளே இருட்டில் இருக்கும் தளிருக்குச் சர்க்கரை அனுப்பும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன் கூர்நுனி துளைத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிழல் கோரைக்கு ஆகாது. சணப்பை நெருக்கமாக, வரப்போரம் வரை விதைத்து மூடுங்கள்.

கேள்வி: கொடி வழியே பங்கிடுவதை மாணவர்களுக்கு வகுப்பில் காட்ட எளிய வழி உண்டா?
– ஆசிரியை, காரைக்குடி

பதில்: உண்டு. கலிபோர்னியாக் கடற்கரை மணல்மேட்டில் ஓடும் காட்டு ஸ்ட்ராபெரியில் ஆல்பர்ட், மூனி என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட சோதனையின் சிறுவடிவம் இது. அவர்கள் ஒரு செடிக்கு வெளிச்சத்தைக் குறைத்தார்கள், கொடியில் அடுத்திருந்த செடிக்குத் தண்ணீரைக் குறைத்தார்கள். கொடி அறாத ஜோடிகள் வளர்ந்தன, அறுத்தவை தேய்ந்தன.

ஒரே கொடியில் அடுத்தடுத்த இரண்டு வல்லாரைக் கணுக்களைத் தனித்தனித் தொட்டியில் வேர்விட வையுங்கள். இப்படி ஆறு ஜோடி. நான்கு வாரம் கழித்து மூன்று ஜோடியில் மட்டும் கொடியை அறுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். அறுத்த அதிர்ச்சி ஆறட்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தொட்டியை நிழல்வலைக்குள் ஈரமாகவும், மற்றதை வெளியே தண்ணீர் இல்லாமலும் விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்த இலைகளை எண்ணச் சொல்லுங்கள். மழை வந்தால் எல்லாம் கெட்டுவிடும், கூரைக்கடியில் வையுங்கள். தொட்டிகளின் அடித்தட்டுகள் ஒட்டியிருந்தால் தண்ணீர் தட்டு வழியாகக் கசிந்து தவறான முடிவைத் தரும். ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள்.