வலிப்பு மாத்திரையைப் பாதியாக்காதீர்கள்

அண்ணாச்சி, உங்கள் கன்னி இன நாயின் வலிப்பு மாத்திரை நான்கு நாளுக்குத்தான் இருக்கிறது, பாளையங்கோட்டை கிளினிக்கில் ஆன்லைனில் போட்ட ஆர்டர் மருத்துவர் ஒப்புதலுக்காக நிற்கிறது, அதுவரை பாதிப் பாதியாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மாத்திரையில் இருக்கும் ஃபீனோபார்பிட்டோன் என்ற மருந்தைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ, அடங்கியிருந்த வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

காலையில் முதல் வேலையாகக் கிளினிக்குக்குப் போன் செய்து, மாத்திரை என்றைக்குத் தீருகிறது என்று சொல்லுங்கள். கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது எப்போது என்று கேட்கக்கூடும். ஈரலின் நிலையையும் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்க்க வேண்டுமே. ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

இது மனிதர்களுக்கும் கொடுக்கும் மருந்துதான். ஆகவே கூரியருக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சீட்டை மட்டும் வாங்கி, அம்பாசமுத்திரத்திலேயே பெரிய மருந்துக்கடையில் கேளுங்கள். அட்டையில் 30 மி.கி.யா 60 மி.கி.யா என்று கட்டாயம் பாருங்கள். மாறிப்போனால் அளவு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். சீட்டில்லாமல் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கிளினிக் கைவிரித்தால், பழைய சீட்டோடு நாயையே திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். அடுத்த முறை பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே ஆர்டர் போடுங்கள். நடுவில் ஒரு ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்து வந்தால் கூரியர் அசையாது.