‘காணோமே’ என்று கேட்க ஓர் ஆள்

தண்டையார்பேட்டையிலிருந்து படிக்க வந்து, டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: “அக்கா, நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை. ஊர்ச் சபையின் ஆராதனையைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறேன். வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். இங்கே ஒரு சபையில் சேர்ந்துதான் ஆக வேண்டுமா? தமிழ்ச் சபைக்கு ஒருமுறை போனேன். விசா என்ன, சம்பளம் என்ன, பூர்வீகம் எது என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆங்கிலச் சபைக்குப் போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டும் பிடிக்கவில்லை.”

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வாக்கியங்களைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம். 2005இல் நானும் இதே புகாரோடுதான் அங்கே திரிந்தேன்.

விடுமுறைக்கு வந்திருக்கிறேன். ராயபுரத்தில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. எதிர்வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். உங்களுக்கு இதைப் படிக்கும்போதே பசிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இங்கே ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனை என்றால், குளிர்காலத்தில் அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதரை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு, போர்வைக்குள் படுத்தபடி பார்க்கிறீர்கள். பாடல் பிடித்தால் ஒலியைக் கூட்டுவீர்கள்; அறிவிப்புகள் வந்தால் தள்ளிவிடுவீர்கள்; பிரசங்கம் நீண்டால் கண் செருகும். குற்றம் சொல்லவில்லை. என் காலத்தில் நேரலை கிடையாது. அம்மா அனுப்பிய பிரசங்கக் குறுந்தகடுகள் இருபத்திரண்டு என்னிடம் இருந்தன. பிடிக்காத போதகரை ஒரு பொத்தானில் நிறுத்திவிடுவேன்.

ஊரில் எப்படியிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். நாம் எப்போதாவது சபையில் ‘சேர்ந்தோமா’? கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் முடிவதற்குள், விசுவாசத்தை நாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் சடங்கு ஆனது. அப்பா சந்தா கட்டினார், நம் பெயர் பதிவேட்டில் இருந்தது. ரேஷன் அட்டையில் பெயர் இருப்பதுபோலத்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை மாமாக்கள் போட்டி போட்டு விலையேற்றியதும், டிசம்பர் இரவில் கேரல் குழு சந்துக்குள் நுழைந்ததும் தெரு நாய்கள் சேர்ந்து பாடியதும் நமக்கு வாழ்க்கையாக இருந்தன. ஆன்மிகம் என்று அவற்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் இருந்தார். நான் ஒரு ஞாயிறு தூங்கிப்போய்விட்டால், திங்கள் மாலை தண்ணீர் லாரி வரிசையில், இரண்டு குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி கேட்பார்: “என்னம்மா, நேற்று காணோமே?” எனக்கு அவமானமாக இருக்கும். இந்த ஒரு கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காகவே வெளிநாடு போகலாம் என்று பதினெட்டு வயதில் நினைத்திருக்கிறேன்.

போனேன். தப்பித்தும்விட்டேன். முதல் ஏழு மாதம் எந்தச் சபைக்கும் போகவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஏழு மாதத்தில் நான் விசுவாசத்தில் வளர்கிறேன் என்றே நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. தினமும் வேதம் வாசித்தேன். குறுந்தகடுகளைக் கேட்டு, யார் நன்றாகப் பேசுகிறார், யார் சுற்றிவளைக்கிறார் என்று மதிப்பெண் போடத் தேர்ந்திருந்தேன். அந்த நாட்களில் ஜெபக் குறிப்புகள் எழுதிவைத்த நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலை, நிரந்தர வசிப்புரிமை கார்டு, பல்வலி, வேலை. பக்கத்துக்குப் பக்கம் அதுவேதான். என்னைத் தவிர வேறொருவர் பெயர் வருவது இரண்டே இடத்தில். இரண்டும் அம்மா பெயர்.

பிறகு, வேலையிடத்துத் தோழி இழுத்ததால் ஒரு தமிழ்ச் சபைக்குப் போனேன். ஆங்கிலச் சபை ஒன்றின் கட்டடத்தில், அவர்கள் காலை ஆராதனை முடித்துப் போன பிறகு, மதியம் கூடும் சபை. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்துச் சமையலறையில் தேநீர். இரண்டாம் வாரம் ஒரு வயதான அம்மா துடைக்கும் துணியை என் கையில் கொடுத்து, கழுவிய கோப்பைகளைக் காட்டினார். விருந்தாளியிடம் வேலை வாங்குகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. மறுவாரமும் துணியைக் கொடுத்தார். ஒரு வாரம் போகவில்லை. செவ்வாய் இரவு தொலைபேசி வந்தது. “பிள்ளை, ஞாயிறு காணேல்லை, சுகமில்லையோ?”

தண்ணீர் லாரி வரிசையில் தப்பித்த கேள்வி பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், தம்பி. எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

அவரோடு எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் கோப்பை துடைக்கும்போது சொன்னார்: “நீர் வந்து ஆறு மாதமாச்சு. ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் உமது கார்டைத்தான் சொல்லுறீர். அடுத்த முறை வேறு ஆரையும் சொல்லும்.” முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இருபத்திரண்டு குறுந்தகடுகளில் ஒன்றுகூட என்னைப் பார்த்து இதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவற்றுக்கு என் நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அன்று இரவு நோட்டில் முதன்முறையாக, என் அம்மாவைத் தவிர வேறொரு பெயர் எழுதினேன். கோபத்தில், கோப்பை துடைக்கச் சொன்ன அந்த அம்மாவின் பெயரையே எழுதினேன்.

1996இல் யாழ்ப்பாணத்தில் அவருடைய மகன் காணாமல் போனவர் என்பது இரண்டு வருடம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிறுதோறும் யார் நாற்காலி காலி என்று அவர் கண் சுற்றிவருவதை அதற்குப் பிறகு என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாவுக்கும் எனக்கும் சண்டையும் நடந்தது. ஒரே கீர்த்தனைக்கு அவர்களுக்கு ஒரு ராகம், எனக்கு ராயபுரத்து ராகம். கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில் இதற்காக வாய்த்தர்க்கம் முற்றி, மூன்று மாதம் பேசாமல் இருந்தோம். அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து நாள் வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு ஐந்தாம் அதிகாரம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பது வேறு, அந்தச் சகோதரன் நான்கு நாற்காலி தள்ளிக் கறுப்புக் கம்பளிக் குல்லாய் போட்டு உட்கார்ந்திருப்பது வேறு. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. ராகம் இன்றுவரை தீரவில்லை.

பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் வருவார்கள். இருவரும் ஒரே சிந்தையாக இருக்கும்படி பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். சண்டை எதைப்பற்றி என்று கடிதத்தில் இல்லை. ராகமாகத்தான் இருக்கும் என்பது என் சொந்த வியாக்கியானம். கொரிந்து சபையில் இல்லாதவர்களை விட்டுவிட்டு, இருப்பவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். நாம் இன்று தனியறையில் தலைகுனிந்து வாசிக்கும் நிருபங்களில் பல, இப்படி ஒருவரோடொருவர் ஒத்துப்போக முடியாமல் திணறிய கூட்டங்களுக்கு எழுதப்பட்டவை. கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கப்பட்டவை. பொறுமை, மன்னிப்பு, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது எல்லாவற்றுக்கும் எதிரே இன்னோர் ஆள் வேண்டும். பேஸ்மென்ட் அறையில் நீங்கள் யாரை மன்னிப்பீர்கள், ஹீட்டரையா?

சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25ஐ உங்கள் அம்மா ஏற்கெனவே அனுப்பியிருப்பார். எல்லாரும் அந்த வசனத்தைத்தான் அனுப்புவார்கள். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ‘ஒருவரையொருவர் கவனித்து’ என்று இருக்கிறது. கவனிப்பதற்காகக் கூடுகிறோம். கைப்பேசி ஆராதனையை நீங்கள் கவனிக்கிறீர்கள், சரி. அங்கிருந்து உங்களைக் கவனிப்பவர் யார்? நீங்கள் மூன்று வாரம் பார்க்காவிட்டால் அந்தத் திரைக்குத் தெரியுமா?

நோயாளிகள், முதியோர், பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் நேரலை ஒரு கொடை, அதை மறுக்கவில்லை. உங்களுக்கு இருபத்து மூன்று வயது, கால் இரண்டும் நன்றாக இருக்கிறது.

எந்தச் சபை என்கிறீர்கள். சி.எஸ்.ஐ. பிள்ளைக்கு அங்கே கதவுகள் அதிகம். 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகிப் பிறந்ததுதான் நம் சபை. இன்றும் அது உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பு. அங்குள்ள ஆங்கிலிக்கன் கோயிலில் திருவிருந்து ஒழுங்கைக் கேட்டால் பாதி உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும். கனடாவில் 1925இலேயே மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல் சபையாரும் பிரஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரும் சேர்ந்து யுனைடெட் சர்ச் ஆனார்கள். தமிழ்ச் சபையா ஆங்கிலச் சபையா என்பது உங்கள் விருப்பம்; அழும்போது எந்த மொழியில் ஜெபம் வருகிறதோ அந்த மொழிப்பக்கம் நான் சாய்வேன். ஆனால் மொழியைவிடத் தூரம் முக்கியம். ஒரே பஸ்ஸில் போகக்கூடிய சபையாகப் பாருங்கள். ஞாயிறு காலை சுரங்க ரயிலே எட்டு மணிக்குத்தான் தொடங்கும். இரண்டு பஸ் மாற வேண்டிய சபைக்கு ஜனவரியில் நீங்கள் போக மாட்டீர்கள்.

நல்ல பிரசங்கியைத் தேடி வாரம் ஒரு சபையாகச் சுற்றாதீர்கள். நான் சுற்றியிருக்கிறேன், கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய்ச் சாப்பிட்டவள்போல் ஆனேன். ஒன்றில் எட்டு வாரம் தொடர்ந்து இருங்கள். ஆங்கிலச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை என்றீர்களே, ஆசீர்வாதம் சொன்னதும் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறியிருப்பீர்கள். தேநீருக்கு நில்லுங்கள். நாற்காலி மடக்குவதோ, ஒலிபெருக்கிக் கம்பி சுருட்டுவதோ, ஏதாவது ஒரு வேலை கேட்டு வாங்குங்கள்.

விசா, சம்பளக் கேள்விக்கு, “நன்றாகப் போகிறது அங்கிள்” என்பதே போதுமான பதில். பூர்வீகம் எது என்பதன் அடியில் இருக்கும் சாதிக் கேள்வி எனக்கும் தெரியும். ராயபுரம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் தோண்டுபவர் சபையில் ஒருவர் என்றால் சகித்துக்கொள்ளுங்கள், சபையே தோண்டினால் வேறிடம் பாருங்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்காகச் சம்பளச் சீட்டைக் கேட்பவர்கள், வீட்டாரோடு பேசாதே என்பவர்கள், கேள்வி கேட்டால் சாபம் வரும் என்பவர்கள் கண்ணில் பட்டால் தேநீருக்குக்கூட நிற்க வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை பாரிமுனைக்குப் போயிருந்தேன். ஆர்மீனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெருவாக்கிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தோணியார் கோயிலில் வழக்கமான செவ்வாய்க் கூட்டம், மெழுகுவத்தி வாங்க இடமில்லை. அதே தெருவில் 1772இல் ஆர்மீனிய வணிகர்கள் கட்டிய தேவாலயத்துக்குள் நுழைந்தேன். அவர்களும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் இந்தச் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய குரு ஹருத்தியுன் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மணிக்கூண்டு இருக்கிறது, சுவர்கள் வெள்ளையடித்துச் சுத்தமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மணியும் அடிக்கிறார்களாம். ஆராதனைக்கு வர ஆர்மீனியர்கள் இல்லை. கல்லறைக் கற்களைத் தாண்டித் தாண்டி நடந்தபோது எனக்கு அந்தக் கோப்பைகள் ஞாபகம் வந்தன.

நான் ஜனவரி மூன்றாம் வாரம் திரும்புகிறேன். எங்கள் ஆராதனை மதியம் இரண்டு மணிக்கு. உங்கள் அறையிலிருந்து ஒரே பஸ்தான், பார்த்துவிட்டேன். வேறு சபை பிடித்தால் அங்கேயே போங்கள், எனக்கு வருத்தமில்லை. எங்கே போனாலும் உங்கள் ஊர்ச் சபையின் போதகர் ஐயரிடமிருந்து அறிமுகக் கடிதம் ஒன்று வாங்கிவிடுங்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாளுக்குப் பவுல் கொடுப்பது அதுதான்: கெங்கிரேயா சபையின் பெண், வருகிறாள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று.

இதை எழுதும்போது அம்மா மாடிக்கு வந்து யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். தண்டையார்பேட்டையில் எந்தத் தெரு, எந்தச் சபை, அப்பா பெயர் என்ன என்று மூன்று கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடிக்காத அதே வகைக் கேள்விகள்தான். பதில் எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைத் தானே போய் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், அதனால் விவரத்தை எழுதுங்கள். வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்பட்டுமா என்றும் கேட்கிறார். பேஸ்மென்ட் என்று சொன்னேன், வீட்டுக்காரர் மேலே குடியிருப்பார் என்றும் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை.