கலவரத்துக்குப் பிறகு: போலீஸ் கைவிட்டால் எங்கே போவது?

மதக் கலவர வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று வாதாடி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், வீட்டை எரித்ததற்குப் புகார் கொடுத்தோம். சிஎஸ்ஆர் (புகார் வந்ததைப் பதிவேட்டில் குறித்துத் தரும்) ரசீது மட்டும் தந்துவிட்டு, "நிலைமை அடங்கட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். கொலை, தீவைப்பு, கொள்ளை போன்ற புகார் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிஎஸ்ஆர் அதற்கு ஈடாகாது. ஊரைவிட்டு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தால், அந்தப் பகுதி ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் போடக்கூடிய எஃப்ஐஆர்) கேட்கலாம். மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அவரும் அசையவில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3) பிரிவில், பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதை தொலைத்துவிடாதீர்கள். அந்தப் படியை முடித்துவிட்டு வந்தீர்களா என்பதைத்தான் மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பார்.

கேள்வி: எஃப்ஐஆர் போட்டார்கள். ஆனால் நான் பெயர் சொன்ன ஆட்களை விட்டுவிட்டு "அடையாளம் தெரியாத கும்பல்" என்று எழுதியிருக்கிறார்கள்.

கலவர வழக்குகள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு தெருவே எரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே எஃப்ஐஆரில் போட்டு, ஒரு பெயரும் இல்லாமல் முடித்துவிடுவார்கள். சில வருடம் கழித்து நீங்கள் கூண்டில் ஏறிப் பெயரைச் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே இன்றே உட்கார்ந்து எழுதுங்கள். யார் வந்தார்கள், கையில் என்ன இருந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, என்ன கத்தினார்கள் என்று உங்கள் வார்த்தையிலேயே இருக்கட்டும். தேதி போட்டுக் கையெழுத்திட்டு எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புங்கள். பிஎன்எஸ்எஸ் 183-இன் கீழ் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிவு செய்யவும் கேளுங்கள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்துக்கு உங்கள் கையெழுத்தே தேவையில்லை. வெற்றுத் தாளை நீட்டினால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்தவர் பில்கிஸ் பானு. அவர் அப்போது சொன்னதையும் உள்ளூர் போலீஸ் திரித்துத்தான் எழுதியது. வழக்கை மூடியும் விட்டார்கள். அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐ கையில் கொடுத்தது, விசாரணை மும்பைக்கு மாறியது, 2008-இல் 11 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2017 தீர்ப்பு: கடமை தவறிய போலீஸ்காரர்களையும் மருத்துவர்களையும் பம்பாய் உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. பொய்யாக எழுதியவர்களும் கூண்டில் ஏறவேண்டும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

கேள்வி: என் தம்பி செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறான். போதுமா?

அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலைவிட எடுத்தவரின் போனில் இருக்கும் மூலப் பதிவுக்குத்தான் வலு அதிகம். நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 63(4) பிரிவின் சான்றிதழ் சேர்க்கவேண்டும்.

கேள்வி: வக்கீலம்மா, என் கடை போய்விட்டது. குற்றவாளி பிடிபட்டால்தான் நஷ்டஈடு என்கிறார்களே?

அப்படி இல்லை ஐயா. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு 1984-இல் கோயம்புத்தூரில் சீக்கியர்களின் கடைகளைச் சூறையாடினார்கள். அந்த வழக்கில், காப்பாற்றத் தவறிய அரசுதான் இழப்பீடு தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கலெக்டரின் சேத மதிப்பீடு அங்கே பெரிதும் கைகொடுத்தது. எனவே வருவாய்த்துறை ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் குப்பையை அள்ளிவிடாதீர்கள்; போட்டோ எடுங்கள், பில், ஜிஎஸ்டி கணக்கு எதுவானாலும் திரட்டுங்கள்.

கேள்வி: சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரரை மிரட்டுகிறார்கள்.

2018-ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் அவர் மனு கொடுக்கலாம். மிரட்டல் எவ்வளவு தூரம் வழக்கைக் கெடுக்கும் என்பதற்கு வடோதரா பெஸ்ட் பேக்கரி வழக்கே சாட்சி. 2002 குஜராத் கலவரத்தில் 14 பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்து, 2003-இல் குற்றம்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. 2004-இல் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. 2006-இல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் நால்வருக்கு மட்டுமே அது நிலைத்தது.

கேள்வி: ஆர்சிஎஸ் நோட்டீஸ் (மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் வழக்கை மூடும் அறிவிப்பு) வந்துவிட்டது. வழக்கு முடிந்ததா?

முடியவில்லை. அது போலீஸின் அறிக்கை மட்டுமே. அதை ஏற்பதா வேண்டாமா என்பது மாஜிஸ்திரேட்டின் முடிவு. உங்கள் பக்கத்தைக் கேட்காமல் அவர் அதை ஏற்கக்கூடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உடனே ஆட்சேபனை மனு போடுங்கள்.

கேள்வி: அமைதிக் கூட்டத்தில் பெரியவர்கள் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். எத்தனை வருடம் அலைவது, வக்கீல் வைக்கவும் காசில்லை.

சேர்ந்து வாழ்வதற்குப் பேசுங்கள். ஆனால் கொலையும் வீட்டுக்குத் தீவைப்பதும் சமரசத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் இல்லை. வருடங்கள் ஆகும் என்பது உண்மைதான், மறைக்கமாட்டேன். உத்தரப் பிரதேசம் மீரட்டின் ஹாஷிம்புராவில் 1987-இல் முஸ்லிம்களை ஆயுதப்படைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்ற வழக்கில், 2015-இல் அத்தனை பேரும் விடுதலையானார்கள். குடும்பங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2018-இல் அந்தக் காவலர்களில் 16 பேருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. காசு பற்றி: இனக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1987 சட்ட உதவிச் சட்டத்தில் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். எஃப்ஐஆர் நகல், சிஎஸ்ஆர், தபால் ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.